ஒன்று, இரண்டாம் வகுப்பில் படம் வரைந்து கதை எழுத வைப்பது எப்படி? எல்லாத் தாளிலும் அதே ரெண்டு மலை, அதே சூரியன்

சிலேட்டுக்குச்சி:

எல்லாருக்கும் வணக்கம். அரசு தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் 26 பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை) 9, மொட்டு (நடு நிலை) 11, மலர் (மேல் நிலை) 6. தமிழ்ப் பாடவேளையில் தினம் 40 நிமிஷம் இதற்கு ஒதுக்க முடியும். பிள்ளைகள் தாங்களே ஒரு கதை யோசித்து, படம் வரைந்து, எழுதி, கடைசியில் அதை ஒரு சின்னப் புத்தகமாகக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஆசை.

இப்போது நடப்பது இதுதான். "பிடிச்ச படம் வரைங்க" என்றால் 26 தாளிலும் ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். "கதை சொல்லுங்க" என்றால் காக்கா வடை, இல்லாவிட்டால் முயல் ஆமை. அரும்பு நிலையில் இருப்பவர்கள் வரைவதோடு நின்றுவிடுகிறார்கள். எழுதச் சொன்னால் கரும்பலகையைப் பார்த்து எதையாவது எழுதுகிறார்கள். மலர் நிலையில் இருப்பவர்களோ பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் தெரிந்த சொல்லை மட்டும் வைத்து, "இது நாய். நாய் நல்ல நாய்" என்று முடித்துவிடுகிறார்கள். மணி அடிக்கும்போது பாதிப் பேர் ரப்பரும் கையுமாக இருக்கிறார்கள்.

கையிருப்பு: அரசு கொடுத்த கிரேயான், பென்சில், சிலேட்டு, கொஞ்சம் ஏ4 தாள். எங்கே தொடங்கலாம், எந்த வரிசையில் போகலாம், எங்கே தவறும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனையோலை:

வணக்கம் டீச்சர். அந்த மலையையும் சூரியனையும் பார்த்து மனசு விட வேண்டாம். "பிடிச்சதை வரை" என்பது ஆறு வயசுக்கு மிகப் பெரிய கேள்வி. பதில் தேட நேரமில்லாதபோது கைக்குப் பழகினதைத்தான் பிள்ளை எடுத்து நீட்டும். அண்ணனும் அக்காவும் வரைவது அதே மலை, பாராட்டும் நிச்சயம் கிடைக்கும். காக்கா வடையும் அப்படித்தான் வருகிறது. கேள்வியைச் சின்னதாக்குங்கள், படம் தானாக மாறும்.

முதல் வாரம் ஒரு ஒற்றைச் செருப்பை மேசை மேல் வையுங்கள். பழைய ஹவாய் செருப்பு, வார் பிய்ந்து ஊக்கு குத்தியதாக இருந்தால் இன்னும் நல்லது. ரெண்டு நிமிஷம் யாரும் பென்சிலைத் தொடக் கூடாது, பார்க்க மட்டும். "குதிகால் பக்கம் என்ன ஆயிருக்கு? எந்தக் காலுக்கு உள்ளது? ஊக்கு எதுக்கு?" அதற்கப்புறம் வரையட்டும். வரையும்போதே ஒரே ஒரு கேள்வி: "இதோட ஜோடி எங்க போச்சு?" கதை அங்கேயே பிறந்துவிடும். நாய் தூக்கிப் போனது, ஆற்றில் போனது, பஸ் படியில் கழன்று விழுந்தது என்று ஆளுக்கொரு திசையில் கிளம்புவார்கள். ஒரு பொருள் தொலைந்தால் தேட வேண்டும், தேடினால் ஓர் இடம் வரும், இடத்தில் யாராவது இருப்பார்கள். கதைக்கு வேண்டிய மூன்றும் வந்தாயிற்று. அடுத்த வாரங்களில் சாவி இல்லாத பூட்டு, மூடி இல்லாத டப்பா, அறுந்த பட்டம், யாரும் எடுக்காத குடை என்று வைத்துக்கொள்ளலாம். எதிலும் ஏதோ ஒரு குறை இருக்க வேண்டும். முழுசாக, அழகாக இருக்கும் பொம்மையை வைத்தால் "பொம்மை அழகா இருக்கு" என்பதோடு நின்றுபோகும்.

தாளின் வடிவத்தை மாற்றுவதும் கைகொடுக்கும். ஏ4 தாளை நீளவாக்கில் ரெண்டாக வெட்டினால் பத்தரை சென்டிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளம். அதை நிமிர்த்தி வைத்தால் ரெண்டு மலைக்கு இடமே இல்லை. பனைமரம், கிணறு, ஏணி, மாடிவீடு என்று உயரமானதெல்லாம் வரும். படுக்க வைத்தால் ரயில், பாம்பு, சாமி ஊர்வலம்.

கரும்பலகையில் நீங்கள் மாதிரிப் படம் போடாதீர்கள். போட்டால் 26 நகல் கிடைக்கும், சந்தேகமே வேண்டாம்.

பொருள் பழகியபின் நாலு கட்டம். ஏ4 தாளை ரெண்டு தரம் மடித்து விரித்தால் நாலு கட்டம் விழும். மூலையில் ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, மூணு, நாலு என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் மேலிருந்து கீழே போவார்கள், கதை குழம்பும். முதல் கட்டம் யார், எங்கே. ரெண்டாவது, திடீர்னு என்ன ஆச்சு. மூணாவது, அதுக்கு என்ன பண்ணுச்சு. நாலாவது, அப்புறம். தவறும் இடங்கள் ரெண்டு. முதல் கட்டத்தில் நீல எலியாக இருந்தது ரெண்டாவதில் மஞ்சள் நாயாகிவிடும். அதற்கு, தொடங்கும் முன்னரே "உன் ஆளுக்கு ஒரு அடையாளம் சொல்லு" என்று கேட்டுவிடுங்கள். சிவப்பு வால், ஒரு காதில் ஓட்டை, பெரிய தொப்பி, எதுவானாலும் சரி. நாலு கட்டத்திலும் அந்த அடையாளம் இருந்தால் போதும், மற்றது எப்படி மாறினாலும் கதை நிற்கும். இன்னொரு சிக்கல், நாலாவது கட்டத்தில் கை வலித்து "வீட்டுக்குப் போச்சு, தூங்கிருச்சு" என்று முடிப்பது. அதனால் ஒரே நாளில் நாலு கட்டமும் வேண்டாம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பிள்ளைக்கே வேறு முடிவு தோன்றும்.

ஆக வாரம் ஒரு கதை. திங்கள் பொருளைப் பார்த்து வரைவதும் வாய்க்கதையும், செவ்வாய் முதல் ரெண்டு கட்டம், புதன் மற்ற ரெண்டு, வியாழன் எழுத்து, வெள்ளி வாசிப்பு. வாய்க்கதையைக் குறைக்காதீர்கள். ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் "ம்" கொட்ட வேண்டும். ம் கொட்டுகிறவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே கதை புரியவில்லை என்று அர்த்தம். சொல்கிற பிள்ளை தானாகவே அந்த இடத்தை இன்னொரு தரம் சொல்லும். இந்த அஞ்சு நிமிஷம் இல்லாமல் நேரே வரையப் போனால் மறுபடி மலைதான்.

காக்கா வடையைத் துரத்தவும் வேண்டாம். ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். வடைக்குப் பதில் பாட்டியோட மூக்குக் கண்ணாடி. காக்கா கண்ணாடியைத் தூக்கிப்போனால் நரிக்கு அதில் என்ன வேலை? பாட்டி எப்படித் தேடுவாள்? தெரிந்த கதையின் எலும்பு அப்படியே இருக்கும், சதை புதிதாக வரும். ரெண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் இந்த வயசில் பிடி விட்டுப்போகும்.

துணைக்கால்:

அரும்பு நிலைப் பிள்ளைகளைப் பற்றி.

அந்த 9 பேருக்கும் நீங்கள்தான் எழுத்தர். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். ஒருவருக்கு மூணு நாலு நிமிஷம் ஆகும்; 26 பேருக்கும் எழுதப் போனால் ஒண்ணே முக்கால் மணி நேரம் போய்விடும். அதனால் இந்த 9 பேருக்கு மட்டும், நாளைக்கு மூணு பேர் வீதம், செவ்வாய், புதன், வியாழன் என்று மற்றவர்கள் வேலையில் இருக்கும்போது முடித்துவிடுங்கள். ஒரு கதைக்கு ரெண்டு மூணு வாக்கியம் போதும். "இது என்ன?" என்று கேட்காதீர்கள், "எலி" என்று ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். "இங்க என்ன நடக்குது?" என்று கேளுங்கள். சொன்னதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே, பிள்ளை பார்க்கும்படி, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுத்து இருக்கும்படி ஸ்கெட்சில் எழுதுங்கள். முடித்ததும் சொல் சொல்லாக விரல் வைத்து நீங்கள் ஒரு தரம், பிள்ளை ஒரு தரம் வாசிக்க வேண்டும்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். "எலி தொபுக்குன்னு கிணத்துல வுழுந்துடுச்சு" என்றால் அதேதான். அதை "எலி கிணற்றில் விழுந்து விட்டது" என்று மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? பிள்ளை தன் நினைவிலிருந்து "வுழுந்துடுச்சு" என்று ஒரே சொல்லாகச் சொல்லும், தாளில் "விழுந்து விட்டது" என்று ரெண்டு சொல் இருக்கும். விரல் ஒரு சொல்லிலும் வாய் வேறு சொல்லிலும் இருக்கும். வாயில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் தாளில் ஒரு சொல் இருக்கிறது என்பதுதான் இந்த நிலையில் பிடிபட வேண்டிய முதல் விஷயம், அதுவே தவறிப்போகும். தவிர, "தொபுக்கு" போய்விட்டால் அந்தக் கதையில் பாதி போச்சு.

இனி மொட்டு. இவர்கள் தாங்களே எழுதட்டும். வரும் எழுத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஒரு தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

நய ஒடத பன பதத

கிறுக்கல் மாதிரி தெரியும். பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்: "நாய் ஓடுது, பூனை பாத்துது." இப்போது தாளைப் பாருங்கள். ந, ய, ட, த, ப, ன என்று மெய்யொலிகளைப் பெரும்பாலும் சரியாகப் பிடித்திருக்கிறது. ஓ என்பது ஒ ஆகியிருக்கிறது. துணைக்கால் இல்லை, புள்ளி இல்லை, உகர, ஊகாரக் குறிகளும் ஐகாரக் குறியும் இல்லை. அவ்வளவுதான் பாக்கி. உகர வரிசை இன்னும் கொஞ்ச நாள் வராது. கு, டு, து, மு என்று ஒவ்வொரு எழுத்திலும் குறியின் உருவமே மாறுவதால் அதைத் தனித்தனியாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குறி. இந்த வாரம் துணைக்கால் என்றால், பிள்ளை தன் கதையில் "நாஆய்" என்று இழுத்துச் சொல்லிப் பார்த்து, கால் எங்கெல்லாம் வேண்டும் என்று தானே கண்டுபிடித்துச் சேர்க்கட்டும். மற்ற பிழைகளை அந்த வாரம் தொடாதீர்கள். முழு வாக்கியத்தையும் நீங்கள் கீழே பென்சிலில் சின்னதாக எழுதி வைக்கலாம். பிள்ளையின் எழுத்தின் மேலேயே எழுதக் கூடாது, சிவப்புப் பேனா கூடவே கூடாது.

கொம்பு வேறு மாதிரிச் சிக்கல். "கே" என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க். கையில் முதலில் வர வேண்டியது கொம்பு. காதை நம்பும் பிள்ளை க எழுதிவிட்டு, இடமில்லாமல் கொம்பை முன்னால் நெருக்கும், அல்லது பின்னாலேயே போட்டுவிடும். "வாயில பின்னாடி வர்றது கையில முன்னாடி வரும்" என்று சொல்லி, அந்த ஒலி வரும்போதெல்லாம் ஒரு விரல் இடம் விட்டு எழுதப் பழக்குங்கள். கொ, கோ வரிசையை அதற்கப்புறம் பார்க்கலாம்.

ல ள ழ, ண ன ந, ர ற எல்லாம் இந்த வயசில் பொருள் மாறும்போது மட்டும். "பல்லிக்குப் போனேன்" என்று எழுதியிருந்தால் பக்கத்தில் ஒரு பல்லியை வரையச் சொல்லுங்கள். எந்த எழுத்து என்று அதுவே கேட்கும். மற்ற இடங்களை விட்டுவிடுங்கள்.

மலர் நிலையில் இருக்கும் 6 பேர் பிழைக்குப் பயப்படுவதற்கு மருந்து, தெரியாத எழுத்துக்குப் பதில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு மேலே போகலாம் என்ற அனுமதி. "மு_லை" என்று எழுதிவிட்டுக் கதையைத் தொடரட்டும். முதலையா முயலா என்று கடைசியில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாம் மணி:

துணைக்கால் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. "வுழுந்துடுச்சு" என்று ஆசிரியர் கையெழுத்தில் இருந்தால் பிள்ளை அதையே எழுத்து வழக்கு என்று எடுத்துக்கொள்ளும். பாடநூலைத் திறந்தால் "விழுந்தது". வட்டாரத்துக்கு வட்டாரம் "வுளுந்துச்சு", "விழுந்துட்டு" என்று வேறு. பெற்றோர் நோட்டைப் பார்த்துவிட்டு, டீச்சருக்கே தமிழ் தெரியவில்லையா என்று கேட்கும் இடங்களும் உண்டு. முதல் நாளிலிருந்தே கதையின் நடையைப் பாடநூல் தமிழிலும், பாத்திரங்கள் பேசுவதை மட்டும் பேச்சுத் தமிழிலும் எழுதுவதே பிள்ளைக்கு நல்லது. பாட்டி கதை சொன்னாலும் "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்" என்று அதற்கென்று ஒரு நடை இருக்கத்தான் செய்கிறது. பிள்ளைக்கு ரெண்டு நடை புதிதல்ல.

துணைக்கால்:

பேச்சை மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழிலேயே விடுவது எனக்கும் சம்மதம், மலர் நிலைக்கு அது மிகவும் பொருந்தும். அரும்புக்கு மட்டும் என் நிலையை மாற்ற மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் சொன்னபடியே எழுதுங்கள். பிள்ளை விரல் வைத்துத் தடுமாறாமல் வாசித்துவிட்டால், ரெண்டு நாள் கழித்துப் புத்தகத்துக்கு எடுத்து எழுதும்போது, "இதைப் புத்தகத்துல எப்படி எழுதியிருப்பாங்க?" என்று கேளுங்கள். "விழுந்தது" என்று பிள்ளையே சொல்லும், பாடநூலைக் கேட்ட காது அல்லவா. மாற்றுவது பிள்ளை, எழுதுவது நீங்கள். "தொபுக்கு", "மடமட", "சலசல" இதெல்லாம் எழுத்துத் தமிழிலும் உள்ளதுதான், அதை யார் கேட்டாலும் வெட்டாதீர்கள். பெற்றோருக்குக் காட்டும் நோட்டில் ரெண்டு வடிவமும் அடுத்தடுத்து இருந்தால் கேள்வி வராது.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ, திருப்பூர்ப் பக்கம் இந்தியோ ஒடியாவோ வீட்டில் பேசும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், கதையை அந்த மொழியிலேயே முதலில் சொல்லட்டும். படம் கையில் இருப்பதால் மற்றவர்களுக்குப் பாதி புரியும். ரெண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல, நீங்கள் எழுதலாம்.

கோணி ஊசி:

பொருள்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, பாதி வேலை அங்கேதான் கெடுகிறது.

முதலில் ரப்பரை எடுத்து அலமாரியில் வையுங்கள். வரையும் நேரத்துக்கு ரப்பர் கிடையாது என்று எல்லாருக்கும் ஒரே விதி. தப்பான கோட்டை வேறு எதுவாக மாற்றலாம் என்று யோசிக்கட்டும்: கோணலான கால் ஒரு வேர் ஆகலாம். உங்கள் 40 நிமிஷத்தில் கால்வாசி திரும்பக் கிடைக்கும். முதலில் ஒத்திகை வேண்டும் என்கிற பிள்ளைக்குச் சிலேட்டு இருக்கிறது.

கிரேயான் மெழுகு. மெழுகின் மேல் பென்சில் எழுதாது, வழுக்கும். வண்ணம் அடித்துவிட்டு எழுதச் சொன்னால் எழுத்து தெரியாமல் போவதும், பிள்ளை அழுத்தித் தாளைக் கிழிப்பதும் இதனால்தான். கட்டத்தின் அடியில் ரெண்டு விரல் அகலத்துக்கு மடித்து வைத்துவிட்டு மேலே மட்டும் வண்ணம் அடிக்கட்டும், பிறகு மடிப்பைப் பிரித்து எழுதட்டும். எச்பி பென்சில் சின்னக் கைக்கு மங்கலாக விழும், 2பி நல்லது. ஒடிந்த கிரேயானைத் தூக்கிப் போடாதீர்கள். மூணு சென்டிமீட்டர்த் துண்டுதான் சின்ன விரல்களுக்குப் பிடிக்க வாகானது. சுற்றுத்தாளைப் பிரித்துப் படுக்க வைத்துத் தேய்த்தால் வானம், தண்ணீர், வயல் எல்லாம் ஒரு நிமிஷத்தில் நிறையும். ஓர் இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்தால் மரமே வந்துவிடும்.

தரையில் உட்கார்ந்து வரைவதால் அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டும். பழைய தினசரி காலண்டர் அட்டையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், 26 அட்டை ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும்.

இனி புத்தகம். ஒரே ஏ4 தாளை மடித்து நடுவில் வெட்டிச் செய்யும் எட்டுப் பக்கப் புத்தகம் பலரும் காட்டுவார்கள். பக்கம் ஏழரைக்குப் பத்தரை சென்டிமீட்டர்தான் வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு சொல்லே அந்த அகலத்தை அடைத்துவிடும். அதை மூன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஏ3 தாளில் செய்யுங்கள். வெட்டும்போது மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோடு வரை மட்டும் வெட்ட வேண்டும். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் ஓரம் பிளந்துபோய்ப் புத்தகம் நிற்காது. மடித்து முடித்த பிறகுதான் வரைய வேண்டும், விரித்த தாளில் வரைந்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழாகிவிடும்.

உங்கள் வகுப்புக்குத் தைத்த புத்தகமே சரி. ஆளுக்கு ரெண்டு ஏ4 தாளைக் குறுக்கே மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் எட்டுப் பக்கம். வெளியே அதே அளவில் சார்ட் அட்டை. ஒரு முழு சார்ட்டில் நாலு அட்டை தாராளமாக வரும். 26 பேருக்கு ஏழு சார்ட். தாள் 52. ஒரு ரீம் 500 தாளில் இப்படி ஒன்பது கதைகள் போடலாம்.

முதுகு மடிப்பில் மூணு ஓட்டை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் விட்டு ஒவ்வொன்று. ஓட்டையைக் கோணி ஊசியால் நீங்களே போடுங்கள், பிள்ளைகள் கையில் அந்த ஊசி வேண்டாம். நூல் 60 சென்டிமீட்டர். உள்ளே நடு ஓட்டையில் தொடங்கி வெளியே வாருங்கள், மேல் ஓட்டை வழியாக உள்ளே போங்கள், உள்பக்கமாகவே நேரே கீழ் ஓட்டைக்கு இறங்கி வெளியே வாருங்கள், மறுபடி நடு ஓட்டையில் உள்ளே. ரெண்டு முனையும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் இருக்க வேண்டும். அந்த நூலைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். ரெண்டு முனையும் ஒரே பக்கம் வந்துவிட்டால் நடுவில் தொளதொளவென்று இருக்கும். சாதாரண ஸ்டேப்ளர் முதுகு வரை எட்டாது. எட்டினாலும் மழைக்காலத்தில் பின் துருப்பிடிக்கும், சின்ன விரலில் குத்தும்.

தைத்த பிறகே வரைய வேண்டும், இதை மறக்காதீர்கள். தனித்தாளாக இருக்கும்போது முதல் தாளில் 1, 2, 7, 8 என்றும் உள்தாளில் 3, 4, 5, 6 என்றும் பக்கங்கள் விழும். பிள்ளைக்கு அது புரியாது, நமக்கே குழம்பும். முதல் பக்கம் தலைப்பும் பெயரும். 2, 4, 6 படம். 3, 5, 7 எழுத்து. நாலாவது கட்டத்தின் படம் எட்டாம் பக்கத்தில், அதன் எழுத்து பின்னட்டையின் உள்பக்கத்தில். இப்படிப் படமும் எழுத்தும் எதிரெதிர்ப் பக்கமாகப் போனால் மெழுகின் மேல் எழுதும் தொல்லையும் இல்லை. படத்துக்கு ஸ்கெட்ச் வேண்டாம், 70 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கம் ஊறி எழுத்தைக் கெடுக்கும். வெயில் காலத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்தால் மெழுகு எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். நிறுத்தி வையுங்கள், அல்லது இடையில் செய்தித்தாள் துண்டு.

அட்டையில் ஏதாவது ஒட்டுவதென்றால் மைதாப் பசை போதும்: ஒரு பங்கு மைதா, அஞ்சு பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடி மாதிரி ஆகும். பைண்டிங் கடையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், வகுப்பறைக்கு ஆகாது. அது சேர்க்காத பசை ரெண்டு நாளில் புளித்துவிடும், அதனால் கொஞ்சமாகக் காய்ச்சுங்கள்.

சிலேட்டுக்குச்சி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. இன்னும் மூணு சந்தேகம். "எனக்கு வரையத் தெரியாது மிஸ், நீங்களே வரைஞ்சு குடுங்க" என்று தாளை நீட்டும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? எந்தப் பொருளைக் கொடுத்தாலும் சண்டை, துப்பாக்கி, ரத்தம் என்றே வரைகிறவர்களை விடலாமா? வெள்ளிக்கிழமை வாசிப்பை எப்படி நடத்துவது? 26 பேரும் வாசித்தால் கடைசியில் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள்.

பனையோலை:

வரைந்து கொடுக்காதீர்கள். ஒரு தரம் கொடுத்தால் உங்கள் யானைக்கும் தன் யானைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை இனி தொடவே தொடாது. "யானை எப்படி நிக்கும், நின்னு காட்டு" என்று எழுந்து நிற்கச் சொல்லுங்கள். தும்பிக்கைக்குக் கையைத் தொங்கவிடும், உடம்பைக் கனமாக்கும். "இதுல எது ரொம்பப் பெரிசு? அதை முதல்ல போடு." உடம்பிலிருந்து தொடங்கினால் பயம் குறையும். அப்படியும் வராவிட்டால் பழைய தாளைக் கையால் கிழித்து ஒட்டலாம், கிழிந்த துண்டின் ஓரமே ஏதாவது ஒரு மிருகத்தைக் காட்டும். ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை ஒற்றி, ரெண்டு காதும் வாலும் போட்டால் எலி. நாலு கட்டத்திலும் அதே கட்டைவிரல் என்பதால் எலி வேறு ஆளாக மாறவும் வாய்ப்பில்லை.

இந்த வயசில் வானத்தை மேலே ஒரு நீலப் பட்டையாகவும் தரையை அடியில் ஒரு கோடாகவும் போடுவார்கள், வீட்டின் சுவர் வழியாக உள்ளே இருக்கும் அம்மாவும் அடுப்பும் தெரியும், கதையில் முக்கியமான ஆள் மரத்தைவிட உயரமாக இருப்பார். திருத்த வேண்டாம். எதை முக்கியமாக நினைக்கிறது என்று பிள்ளை அந்த அளவில்தான் சொல்கிறது.

சண்டைப் படத்தைத் தடுத்தால் ஒளித்து வரையும். "எந்த ஊர்ல நடக்குது? சண்டை முடிஞ்சப்புறம் அந்த இடத்தை யார் கூட்டிப் பெருக்குவாங்க? அடிபட்டவரை யார் தூக்குவாங்க?" என்று கேளுங்கள். மூணாவது, நாலாவது கட்டம் நிறைந்துவிடும். ஆனால் ஒரு பிள்ளை, தன்னையோ வீட்டில் ஒருவரையோ யாரோ அடிப்பதாகவோ தொடுவதாகவோ வாரம் தவறாமல் வரைந்தால் அது வேறு. ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகள் முன்னால் விசாரிக்கவும் கூடாது, நீங்களே துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. தாளின் பின்னால் தேதியும், பிள்ளை தானாகச் சொன்ன சொற்களை அப்படியேயும் எழுதிவைத்து, தலைமையாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

வெள்ளிக்கிழமை ஆறு பேர் மட்டும் எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும். மற்ற 20 பேரும் அதற்கு முன் அஞ்சு நிமிஷம் ரெண்டு ரெண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசித்துவிட வேண்டும். அப்படிப் போனால் அஞ்சு வாரத்தில் எல்லாரும் முன்னால் வந்துவிடுவார்கள். படத்தைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டே வாசிக்க முடியாது, கை முறுக்கிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு தோழன் புத்தகத்தைப் பிடிக்க, எழுதியவர் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து வாசிக்கட்டும். அரும்புப் பிள்ளை நினைவிலிருந்து சொன்னாலும் அது வாசிப்புதான்.

முடிந்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ரெண்டே வாரத்தில் எல்லாக் கதைக்கும் "ஆகவே நாம் ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்று ஒரு வால் முளைத்துவிடும், அப்புறம் பிள்ளைகள் அந்த வாலுக்காகவே கதை சொல்லத் தொடங்குவார்கள். "எந்த இடத்துல பயமா இருந்துச்சு?", "செருப்பு கிடைக்காமலே போயிருந்தா?" என்று கேட்கலாம். பாராட்டும்போதும் "சூப்பர்" என்று நிறுத்தாமல் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "எல்லாத்தையும் கறுப்பா அடிச்சுட்டு வாலை மட்டும் சிவப்பா விட்டிருக்க, அதனால இருட்டுலயும் எலி எங்க இருக்குன்னு தெரியுது." அடுத்த வாரம் பக்கத்தில் இருப்பவர்களும் எதையாவது இருட்டில் விட்டுப் பார்ப்பார்கள்.

கோணி ஊசி:

வாசித்த புத்தகங்களைப் பீரோவில் பூட்ட வேண்டாம். செயல்வழிக் கற்றல் காலத்தில் பிள்ளைகளின் தாள்களைத் தொங்கவிட மேலே கட்டிய கம்பிப் பந்தல் உங்கள் அறையில் இன்னும் இருந்தால், அதிலிருந்து ஒரு கயிற்றைப் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்கு இறக்கிக் கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். புத்தகத்தின் நடுப்பக்கத்தைக் கயிற்றின் மேல் போட்டால் நூல் இழுபடும். பின்னட்டையை மட்டும் கிளிப்பில் பிடித்தால் மாட்டியபடியே புரட்டிப் படிக்கலாம். மாதக் கடைசியில் அவரவர் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வாசிப்பு இயக்கத்தில் பள்ளிக்கு வந்த "நட" நிலைக் கதைப் புத்தகங்களோடு சேர்த்து வைக்க, பிள்ளை சம்மதித்தால் மட்டும், வகுப்புக்கு ஒன்றிரண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.